உலகின் தலைசிறந்த படம் எது? அது எண்ணுகிற முறையைப் பொறுத்தது

“காட்ஃபாதர் பெருசா, ஷாஷாங்க் பெருசா?” சினிமா ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். ஒருத்தர் ஐஎம்டிபி பட்டியலை எடுத்துக் காட்டுவார். இன்னொருத்தர், “அதெல்லாம் சின்னப் பசங்க ஓட்டு போடுறது, விமர்சகர்கள் பட்டியலைப் பாருங்க” என்பார். மூன்றாவதாக ஒருத்தர் வந்து, “ரசனைக்கு ஏதுங்க ரேங்க்?” என்று சொல்லி சமாதானம் பண்ணப் பார்ப்பார்.

எனக்கு அந்த மூன்றாவது ஆளோடுதான் அதிகம் உடன்பாடு இல்லை. ரசனையை அளக்க முடியாது, சரி. ஆனால் பட்டியல் என்பது ரசனை இல்லை, அது ஒரு கணக்கு. கணக்கு என்றால் விதி இருக்கும். விதியை மாற்றினால் விடையும் மாறும். ஆகவே ஒரு பட்டியலைக் கொண்டாடுவதற்கோ திட்டுவதற்கோ முன்னால், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது நல்லது. ரசிகர்கள் அதிகம் சண்டை போடும் இரண்டு பட்டியல்களை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம்.

பத்து வருடத்துக்கு ஒரு தேர்தல்

முதலாவது, பிரிட்டிஷ் பத்திரிகையான ‘சைட் அண்ட் சவுண்ட்’ நடத்துவது. 1952-இல் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை. முதல் தடவை ஓட்டுப் போட்டவர்கள் 63 பேர்தான். இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பெற்றது. அது வெளிவந்து அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். 1962-இல் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்துக்கு வந்து, 2002 வரை ஐந்து தேர்தல்களில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதைக் கீழே இறக்கியது. 2022-இல் பெல்ஜிய இயக்குநர் சாந்தால் ஆக்கர்மனின் ‘ழான் தீல்மன்’ வெர்டிகோவை இறக்கியது.

விதி ரொம்ப எளிது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். வரிசை கணக்கில் வராது. முதலில் எழுதினாலும் பத்தாவதாக எழுதினாலும் ஒரு ஓட்டுத்தான். எல்லாவற்றையும் கூட்டி, அதிகம் பேர் எழுதிய படம் முதலிடம். அவ்வளவுதான்.

இந்த எளிய விதிக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2012-இல் ஓட்டுப் போட்ட விமர்சகர்கள் 846 பேர். முதலிடம் பெற்ற வெர்டிகோவை எழுதியவர்கள் 191 பேர். சிட்டிசன் கேனுக்கு 157. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உலகின் தலைசிறந்த படம் என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்ட படத்தை, ஓட்டுப் போட்டவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் தங்கள் பத்தில் சேர்க்கவே இல்லை! ஆக, ‘விமர்சகர்கள் எல்லாரும் வெர்டிகோதான் டாப்னு சொல்லிட்டாங்க’ என்பது நடக்காத ஒன்று. நடந்தது, சிதறிக் கிடந்த ஓட்டுகளில் கொஞ்சம் பெரிய குவியல் எது என்று கண்டுபிடித்தது.

காட்ஃபாதர் ஏன் சறுக்கியது?

விதி எப்படி விடையை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2002 விமர்சகர் பட்டியலில் காட்ஃபாதர் நாலாவது இடத்தில் இருந்தது. 2012-இல் 21-ஆவது இடம். பத்து வருடத்தில் படம் அவ்வளவு பழசாகிவிட்டதா? இல்லை. 2002-இல் முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் விழுந்த ஓட்டுகளைச் சேர்த்து எண்ணினார்கள். 2012-இல் ‘தனித்தனிப் படம், தனித்தனி ஓட்டு’ என்று விதியை மாற்றினார்கள். முதல் பாகம் 21-க்கும் இரண்டாம் பாகம் 31-க்கும் போய்விட்டன.

ஒரே தொகுதியில் ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் நின்றால் என்ன ஆகுமோ அதுதான். இந்த விதிப்படி ஒரே ஒரு படத்தால் அறியப்படும் இயக்குநருக்கு லாபம். சமமாகச் சிறந்த ஆறேழு படங்கள் எடுத்தவருக்கு நஷ்டம். பெர்க்மனை நேசிக்கும் பத்துப் பேர் அவருடைய ஐந்து வெவ்வேறு படங்களை எழுதினால், அவர்களின் அன்பு ஐந்தாகப் பிரிந்துபோகும்.

7 மதிப்பெண் போடும் 25,000 ஆவிகள்

இப்போது ஐஎம்டிபி. அங்கே கணக்கே வேறு. யார் வேண்டுமானாலும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடலாம். ஆனால் வெறும் சராசரி எடுத்தால் ஒரு சிக்கல்: ஐம்பது நண்பர்கள் சேர்ந்து 10 போட்ட குறும்படம் காட்ஃபாதரைத் தாண்டிவிடும். அதைத் தடுக்க அவர்கள் ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள். பல காலம் அந்தச் சூத்திரத்தைத் தங்கள் பக்கத்திலேயே வெளியிட்டிருந்தார்கள். அதைச் சூத்திரமாக இல்லாமல் இப்படிப் புரிந்துகொள்ளலாம்: ஒவ்வொரு படத்துக்கும் விழுந்த நிஜ ஓட்டுகளோடு, கிட்டத்தட்ட 7 மதிப்பெண் போடும் 25,000 கற்பனை ஓட்டுகளையும் சேர்த்துச் சராசரி எடு. அந்த 7 என்பது தளத்தில் உள்ள படங்களின் பொதுச் சராசரி.

நானாக ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘அ’ என்ற படத்துக்கு 30,000 பேர் ஓட்டுப் போட்டு, சராசரி 9 என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஓட்டுகளைச் சேர்த்தால் அது 8.09 ஆகிவிடும். ‘ஆ’ படத்துக்கு 10 லட்சம் பேர்; சராசரி 8.6. அதே 25,000 கற்பனை ஓட்டுகள் இங்கே கடலில் கரைத்த பெருங்காயம். 8.56-இல் நிற்கும். பார்த்தவர்கள் அதிகம் நேசித்தது ‘அ’. பட்டியலில் மேலே இருப்பது ‘ஆ’.

இது ஏமாற்று வேலை இல்லை. புள்ளியியலில் நியாயமான, பழகிய முறை. ‘குறைவான ஆதாரம் இருந்தால் சராசரியை நோக்கி இழு’ என்பதுதான் அதன் தத்துவம். ஆனால் அதன் விளைவு என்ன? உலகம் முழுக்க ஓடிய, ஆங்கிலத்தில் பேசுகிற, இணையத் தலைமுறை பார்த்த படத்துக்குச் சாதகம்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். ஐஎம்டிபியில் ஒரு படத்துக்கு எதிராகவும் ஓட்டுப் போடலாம். 2008 ஜூலையில் ‘தி டார்க் நைட்’ வெளியானதும் ரசிகர்கள் அதை முதலிடத்துக்குத் தூக்கினார்கள். அதற்காகக் காட்ஃபாதருக்கு 1 போட்டவர்களும் உண்டு, பதிலுக்கு டார்க் நைட்டுக்கு 1 போட்டவர்களும் உண்டு. அந்த அமளி அடங்கியபோது முதலிடத்தில் இருந்தது இரண்டுமே இல்லை, ‘தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’. 1994-இல் வந்தபோது தியேட்டரில் சரியாக ஓடாமல், ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றைக்கூட வெல்லாமல், பிறகு வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் கோடிக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்த படம்.

சைட் அண்ட் சவுண்டில் இந்த மாதிரி நடக்காது. பிடிக்காத படத்தைக் கீழே தள்ள வழியே இல்லை. நீங்கள் எழுதலாம், அல்லது எழுதாமல் விடலாம். ஆகவே இரண்டும் இரண்டு கேள்விகள்:

ஐஎம்டிபி கேட்பது: நிறையப் பேர் பார்த்து, யாரும் பெரிதாக வெறுக்காத படம் எது?

சைட் அண்ட் சவுண்ட் கேட்பது: சிலருக்காவது உயிராக இருக்கிற படம் எது?

ஷாஷாங்கை வெறுப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ழான் தீல்மனோ 3 மணி 21 நிமிடம் ஓடும் படம். ஒரு விதவைத் தாய் மூன்று நாட்கள் உருளைக்கிழங்கு உரிப்பதையும், படுக்கை விரிப்பதையும், பாத்திரம் கழுவுவதையும் அசையாத கேமராவில் பார்க்கிறோம். பாதியில் எழுந்து போகிறவர் போவார். கடைசிவரை உட்கார்ந்தவருக்கு ஒரு கரண்டி கீழே விழுவதுகூடப் பதற்றமாக இருக்கும். முன்னது இங்கே முதல் நூறில் இல்லை, பின்னது அங்கே முதல் 250-இல் இல்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

2022 முடிவு வந்தபோது நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தேர்தலில் 1,639 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2012-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முந்தைய பட்டியலில் முப்பதுகளின் நடுவில் இருந்த படம் ஒரே தாவலில் முதலிடம். ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தைய எழுபது வருடங்களில் முதல் பத்துக்குள்கூட ஒன்று வந்ததில்லை. ‘டாக்ஸி டிரைவர்’ திரைக்கதையாசிரியர் பால் ஷ்ரேடர், இந்தத் திடீர் ஏற்றம் பட்டியலின் நம்பகத்தன்மையைக் கெடுக்கிறது என்று எழுதினார். இத்தனைக்கும் ஆக்கர்மனின் படம் அவருக்கே பிடித்த படம்.

வாக்காளர்களை மாற்றியதால்தான் முடிவு மாறியது என்ற குற்றச்சாட்டு உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் 1952-இன் அந்த 63 பேர் மட்டும் வானத்திலிருந்தா வந்தார்கள்? அவர்களையும் யாரோ பட்டியல் போட்டுத்தான் அழைத்தார்கள். பழைய வாக்காளர் பட்டியல் இயற்கை, புதியது செயற்கை என்று சொல்வது பழக்கத்தின் குரல்தான். ஒரே வருடத்தில் இயக்குநர்களுக்கு மட்டும் தனியாக நடத்தும் தேர்தலைப் பாருங்கள்: 2012-இல் அவர்கள் முதலிடம் தந்தது ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு, 2022-இல் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு. கேள்வி ஒன்றுதான், விதி ஒன்றுதான். கேட்கப்பட்ட ஆட்கள் வேறு.

பார்க்க முடியாத படத்துக்கு ஓட்டு விழாது

இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

சிட்டிசன் கேன் 1941-இல் வந்தது. 1952 பட்டியலின் முதல் பத்தில் அது இல்லை. இடையில் 1956-இல் மறுபடி திரைக்கு வந்தது, அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். 1962-இல் முதலிடம். வெர்டிகோவின் உரிமை ஹிட்ச்காக்கிடமே இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து வருடங்கள் அது வெளியே வரவே இல்லை. அந்த நிலையிலும் பார்த்தவர்களின் ஞாபகத்தில் 1982-இல் முதல் பத்துக்குள் நுழைந்தது. எண்பதுகளில் திரும்ப வந்து, 1996-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஏறிய வேகத்தைப் பாருங்கள்: 1992-இல் நாலு, 2002-இல் இரண்டு, 2012-இல் ஒன்று.

அதாவது, பட்டியலுக்கு ஒரு படம் போய்ச் சேர அதன் தரம் மட்டும் போதாது. நல்ல பிரதி வேண்டும், சப்டைட்டில் வேண்டும், திரையிட ஆள் வேண்டும். பட்டியலில் வந்தால் இவையெல்லாம் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். இருப்பவனுக்கே மேலும் கிடைக்கும் சக்கரம் இது.

2022-இன் முதல் நூறில் இந்தியாவிலிருந்து ஒரே படம்தான்: ‘பதேர் பாஞ்சாலி’, 35-ஆவது இடத்தில். தமிழ்ப் படம் எதுவும் இல்லை. நம் படங்கள் தரமில்லாதவை என்பதற்கு இது சாட்சி இல்லை; அந்த 1,639 பேரின் கண்முன் அவை போய் நின்றனவா என்பதுதான் கேள்வி. 1931-இல் வந்த முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’. இன்று அதன் பிரதியே இல்லை. எந்த விதியில் எண்ணினாலும் அதற்கு ஓட்டு விழப்போவதில்லை.

“நாயகன் டைம் பத்திரிகை பட்டியல்ல இருக்கே?” என்பீர்கள். இருக்கிறது. 2005-இல் ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரண்டு விமர்சகர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த நூறு படங்கள் அவை. தரவரிசை கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. எனக்கென்னவோ இந்த மாதிரிப் பட்டியல்தான் நேர்மையானது என்று படுகிறது. ‘உலகம் சொல்கிறது’ என்று அது சொல்லவில்லை, ‘நாங்கள் இரண்டு பேர் சொல்கிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறது.

அப்போ பட்டியலை என்ன செய்வது?

நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். யார் ஓட்டுப் போட்டார்கள்? எதிராக ஓட்டுப் போட முடியுமா? ஓட்டுப் போட்டவர்களால் எந்தப் படங்களைப் பார்க்க முடிந்திருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், முதலிடத்தில் எது என்பது பெரிய விஷயமாகத் தெரியாது.

சண்டையை விட்டுவிடச் சொல்லவில்லை. சண்டை போடாமல் என்ன சினிமா ரசனை? ஒன்றாவது இடத்துக்காகச் சண்டை போடுவதைவிட, நூறாவது இடத்துக்கும் அதற்கு வெளியே நிற்கும் படத்துக்கும் சண்டை போடுங்கள் என்கிறேன். வெர்டிகோவுக்கு இனி வக்கீல் தேவையில்லை. உங்களுக்கு மட்டும் உயிராக இருக்கிற, மற்றவர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு படம் இருக்கும் இல்லையா? அதன் நல்ல பிரதி எங்கே கிடைக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். 1,639 பேரில் ஒருவருக்கு இருப்பது ஒரு ஓட்டுத்தான். ஒரு படத்தை நாலு பேரைப் பார்க்க வைத்தால், உங்கள் கணக்கில் நாலு.