ஒரு ஜெல்லி மிட்டாய் கற்றுத்தந்த பாடம்

கடந்த ஆண்டு குழந்தைகள் தினத்தன்று ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு ஜெல்லி மிட்டாய் வாங்கிச் சென்றேன். எல்லோரும் உறையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்ள, ஒரு மாணவி மட்டும் அதை மேசைமேல் வைத்துவிட்டு அமைதியாக இருந்தாள். "வேணாம் டீச்சர்" என்றாள். "ஆசையா வாங்கிட்டு வந்தா வேணாம்கிறியே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். அதுல ஜெலட்டின் இருக்கும். எந்த மிருகத்தோட எலும்புல, தோலுல எடுத்ததுன்னு தெரியாது. அதான் வேணாம்னு சொல்லி வளர்த்திருக்கோம்" என்றார். உறையை எடுத்துப் பார்த்தேன். ஜெலட்டின் என்று பொடி எழுத்தில் இருந்தது. அருகிலேயே அசைவத்துக்கான பழுப்புக் குறியும் இருந்தது. வகுப்பில் சைவ உணவு மட்டுமே உண்ணும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்திருந்தேன். அறிவியல் ஆசிரியையான நான் படிக்காத உறையை, பதினொரு வயதுப் பெண் படித்திருந்தாள். அதன் பிறகே இஸ்லாம் கூறும் உணவு நெறிகளைக் கேட்டும் படித்தும் அறிந்தேன்.

இரண்டு சொற்கள்

'ஹலால்' என்றால் அனுமதிக்கப்பட்டது. 'தய்யிப்' என்றால் நல்லது, தூய்மையானது. திருக்குர்ஆன் (2:168) மனிதர்கள் அனைவரையும் நோக்கி, இவ்விரண்டு தன்மையும் உள்ளவற்றை உண்ணச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட உணவே ஆனாலும், திருடிய காசில் வாங்கியது ஆகாது.

தடை செய்யப்படாத உணவு எல்லாம் அனுமதிக்கப்பட்டதே என்பது அடிப்படை விதி. தானாகச் செத்த பிராணி, வழிந்தோடும் இரத்தம், பன்றி இறைச்சி, இறைவன் அல்லாத பிறர் பெயரால் படைக்கப்பட்டது ஆகியவை விலக்கப்பட்டுள்ளன (2:173). போதை தரும் பானமும் அவ்வாறே (5:90). உயிர் காக்க வேறு வழியின்றி இவற்றை உண்ண நேர்ந்தால் குற்றமில்லை என்பதையும் அதே 2:173ஆம் வசனம் சொல்கிறது.

இறைச்சிக்கான பிராணியை இறைவன் பெயர் கூறி, கூரிய கத்தியால் கழுத்தில் அறுத்து, இரத்தம் வடிய விட வேண்டும். பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. இறால், நண்டு விஷயத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. ஷாஃபி பிரிவினர் கடல் உணவை விரிவாக அனுமதிக்கின்றனர். ஹனஃபி பிரிவில் மீன் மட்டுமே அனுமதி, இறால் மீனா இல்லையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. நம் கடலோர ஊர்களில் ஷாஃபி பிரிவினரும் உள்மாவட்டங்களில் ஹனஃபி பிரிவினரும் மிகுதி. எனவே ஒரு மாணவர் இறால் சாப்பிடுவதும் இன்னொருவர் மறுப்பதும் இயல்பே.

தண்ணீரும் பாத்திரமும்

நம் சுகாதாரப் பாடத்தை நினைவூட்டும் செய்திகள் நபிமொழிகளில் பல உள்ளன. இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும். தூங்கி எழுந்ததும் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடக் கூடாது. குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடக் கூடாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் இட்டு. வீட்டில் வளைய வரும் பூனைக்கு இந்தக் கடுமை இல்லை.

நபிகள் நாயகத்தின் வீட்டில் வளர்ந்த உமர் இப்னு அபீ சலமா என்ற சிறுவன், உண்ணும்போது தட்டெங்கும் கையை அலைய விட்டான். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. இறைவன் பெயரைச் சொல்லி, வலக்கையால், உனக்கு அருகில் இருப்பதை உண் என்று மூன்றே செய்திகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சிறுவன் வாழ்நாள் முழுதும் அப்படியே உண்டார். எந்த உணவையும் நபியவர்கள் குறை சொன்னதில்லை என்றும், பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் நபிமொழி கூறுகிறது. என் மாணவியும் மிட்டாயைக் குறை சொல்லவில்லை. மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான்.

வகுப்பறையில் நாம்

சத்துணவில் தரும் சாதம், பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவற்றில் தடை ஏதுமில்லை. கவனம் தேவைப்படுவது பிறந்தநாள் கேக், மிட்டாய், சுற்றுலா உணவு போன்றவற்றில்தான். என் அனுபவத்தில் உதவியவை இவை:

1. பொட்டலத்தின் உறையைப் படித்துவிட்டு வாங்குவோம். பச்சைக் குறி இருந்தால் இறைச்சியோ ஜெலட்டினோ இல்லை என்று பொருள்.
2. சுற்றுலாவுக்கு முன் பெற்றோரிடம் கேட்போம். ஐயமிருந்தால் சைவ உணவே எளிது.
3. ஆயுத பூஜைப் பொரியை ஒரு பிள்ளை வாங்கத் தயங்கினால் அது அவமதிப்பு அன்று. படைத்ததைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. வற்புறுத்த வேண்டாம்.
4. காரணம் கேட்பதானால் தனியே கேட்போம்.
5. உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படிப்பதை அறிவியல் வகுப்பில் ஒரு செயல்பாடாகவே வைக்கலாம். ஜெலட்டின் எதிலிருந்து கிடைக்கிறது என்ற கேள்வியில் தொடங்கினால் புரதம் வரை செல்லும்.

அந்தச் செயல்பாட்டை என் வகுப்பில் நடத்தியபோது, குழுத் தலைவராக அவளையே அமர்த்தினேன். இந்த ஆண்டு குழந்தைகள் தினத்துக்குக் கடலை மிட்டாய் வாங்கினேன். மேசைமேல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.