இனப்பெருக்க, சிறுநீர்ப்பாதை நோய்களில் தொடுமருத்துவம்: புதுக்கோட்டை வட்டார வழக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நீர்க்கடுப்பு, சிறுநீர்க் கசிவு, சூதகவலி, கருத்தரிப்புத் தடை ஆகியவற்றுக்குத் தொக்கணமும் அக்குபங்சரும் இன்று பரவலாக நாடப்படுகின்றன. இம்முறைகள் எந்த நோயில் எந்த அளவுக்குப் பயன் தருகின்றன என்பதைச் சித்த மருத்துவக் கோட்பாடு, சீன மருத்துவப் புள்ளியியல், அண்மைக்கால மருத்துவ ஆய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. குறி தணிதலையும் நோய் நீங்குதலையும் பிரித்தறிவதே இம்முறைகளை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் என்பதை இது நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தொக்கணம், அக்குபங்சர், கீழ்நோக்குங்கால், நீர்க்கடுப்பு, புதுக்கோட்டை

முன்னுரை

1974ஆம் ஆண்டு சனவரி 14 அன்று தனி மாவட்டமாக உருவான புதுக்கோட்டை, பெரும்பகுதி கண்மாய்களையும் மழையையும் நம்பிய வேளாண் நிலமாகும். வெயிலில் நெடுநேரம் உழைக்கும் பெண்கள் நீர் குறைவாகப் பருகுவதும், மறைவிடம் இன்மையால் சிறுநீரை அடக்குவதும் நீர்க்கடுப்புக்கு வழிவகுக்கின்றன. இதனை மக்கள் 'சூடு பிடித்தது' என்பர். வெள்ளைப்படுதல், கருப்பை இறக்கம் போன்றவற்றைப் பெண்கள் எளிதில் வெளியே சொல்வதில்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்கும் வாய்ப்பு அரிதாயிருந்த காலம் அது. இன்று மாவட்டத் தலைநகரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆயினும் கூச்சம் முற்றிலும் அகலவில்லை. மருத்துவமனையில் சொல்லத் தயங்குவதை, எண்ணெய் தேய்த்துவிடும் அறிமுகமான பெண்ணிடம் சொல்வது எளிதாயிருக்கிறது. தொடுமருத்துவத்தின் சமூக இடம் இங்குதான் அமைகிறது.

சித்த மருத்துவ நோக்கு

சித்த மருத்துவம் உடலில் பத்து வாயுக்களை வகுக்கிறது. அவற்றுள் அபானன் எனப்படும் கீழ்நோக்குங்கால், மலம், சிறுநீர், விந்து, சூதகம், கரு ஆகியவற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் பணியைச் செய்கிறது. எனவே சிறுநீர்க் கோளாறும் இனப்பெருக்கக் கோளாறும் இம்மரபில் ஒரே வாயுவின் திரிபாகக் கொள்ளப்படுகின்றன. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களுள் சிறுநீரும் ஒன்று. அதை அடக்குவது நோய்க்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கை, மேற்கூறிய உழைக்கும் பெண்களின் நிலைக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

கையால் செய்யும் சிகிச்சையான தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். அடிவயிறு, இடுப்பு, தொடை ஆகிய பகுதிகளில் மெல்லிய அழுத்தமும் தேய்த்தலும் தசையிறுக்கத்தைத் தளர்த்துகின்றன. எனினும் சித்த மருத்துவர் தொடுவதற்கு முன்னர் நோயைக் கணிக்க வேண்டும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வும், சிறுநீரில் எண்ணெய்த் துளியிட்டு அது பரவும் வடிவைக் காணும் நெய்க்குறியும் அதற்கென வகுக்கப்பட்டவை. ஆகவே கணிப்பின்றிக் கைவைப்பது மரபுக்கே புறம்பானது.

பெருவிரலும் ஓட்டப்பாதையும்

நீர்க்கடுப்பு கண்டவருக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும், தொப்புளில் விளக்கெண்ணெய் இடுவதும் தமிழகச் சிற்றூர்களில் நன்கறியப்பட்ட கைவைத்தியம். புதுக்கோட்டை வட்டாரமும் இவ்வழக்குக்கு விலக்கன்று. சிறுநீர்ப்பைக்கும் பெருவிரலுக்கும் என்ன தொடர்பு என்னும் வினா இங்கு எழுவது இயல்பே.

சீன மருத்துவம் இதற்கு ஒரு விடை தருகிறது. அக்குபங்சரில் கல்லீரல் ஓட்டப்பாதை பெருவிரல் நகத்தின் வெளி ஓரத்திலும், மண்ணீரல் ஓட்டப்பாதை அதே விரலின் உள் ஓரத்திலும் தொடங்குகின்றன. கல்லீரல் பாதை பிறப்புறுப்பைச் சுற்றிச் செல்வதாகக் கொள்ளப்படுகிறது. இதன் முதற்புள்ளி சிறுநீர்த் தொல்லைகளுக்கும், மண்ணீரல் பாதையின் முதற்புள்ளி மிகு உதிரப்போக்குக்கும் பயன்படுத்தப்படுகின்றன. கணுக்காலின் உட்புற எலும்பு முனைக்கு நான்கு விரற்கடை மேலே உள்ள மண்ணீரல் 6 என்னும் புள்ளியில் மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகப் பாதைகள் மூன்றும் கூடுகின்றன. இடுப்புக்குழி நோய்களில் மிகுதியாகக் கையாளப்படும் புள்ளி இதுவே. ஆனால் இருவேறு மரபுகள் ஒரே இடத்தைச் சுட்டுவது ஆய்வுக்குரிய தடயமே தவிர, பயனுக்குரிய சான்றாகாது.

நரம்பியல் அடிப்படையும் சான்றுகளும்

காலின் பின்புறம் இறங்கும் டிபியல் நரம்பு, இடுப்புத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் திரிகப் பகுதியிலிருந்தும் வேர்களைப் பெறுகிறது. சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகளும் திரிகப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. கணுக்காலருகே தரப்படும் தூண்டல் சிறுநீர்ப்பையின் மிகையியக்கத்தைத் தணிக்கக்கூடும் என்பதற்கு இப்பொது வேர்களே அடிப்படை. இக்கருத்தில் உருவான டிபியல் நரம்புத் தூண்டல் சிகிச்சை, 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 220 பேரிடம் சோதிக்கப்பட்டது. வாரம் ஒருமுறை, 30 நிமிடம் என 12 வாரம் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 20.9 விழுக்காடு மட்டுமே.

சீனாவில் 504 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், திரிகப் பகுதிப் புள்ளிகளில் மின் அக்குபங்சர் பெற்றவர்களின் சிறுநீர்க் கசிவு ஆறு வாரத்தில் சராசரியாக 9.9 கிராம் குறைந்தது. போலிச் சிகிச்சைக் குழுவில் 2.6 கிராமே குறைந்தது. நாட்பட்ட புராஸ்டேட் அழற்சி, இடுப்புக்குழி வலி ஆகியவற்றால் வருந்திய 440 ஆண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பயன்பெற்றோர் முறையே 60.6, 36.8 விழுக்காட்டினர்.

கருத்தரிப்பில் நிலைமை வேறு. சினைப்பை நீர்க்கட்டி நோயுடைய 1000 சீனப் பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குளோமிஃபீன் மருந்துடன் அக்குபங்சர் பெற்றவர்களில் 29.4 விழுக்காட்டினருக்கும், அம்மருந்துடன் போலி அக்குபங்சர் பெற்றவர்களில் 28.0 விழுக்காட்டினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. செயற்கைக் கருத்தரிப்பு மேற்கொண்ட 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வும் இதே முடிவைத் தந்தது, 18.3, 17.8 விழுக்காடுகளே இருதரப்பிலும் கிட்டின. நரம்பு, தசை ஆகியவற்றின் இயக்கம் சார்ந்த குறிகளில் தொடுமருத்துவம் பயன் தருவதும், கருமுட்டை வெளிப்பாடு போன்ற நிகழ்வில் அது துணைபுரியாமையும் இவற்றால் தெளிவாகின்றன.

எல்லைகள்

இந்திய அரசு அக்குபங்சரை 2003இல் ஒரு சிகிச்சை முறையாகவும், 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. ஏற்பு என்பது எல்லா நோய்க்கும் தரப்பட்ட உரிமம் அன்று. காய்ச்சலுடன் கூடிய விலாவலி, சிறுநீரில் குருதி, சிறுநீர் முற்றிலும் அடைபடுதல், மாதவிலக்கு நின்றபின் தோன்றும் உதிரப்போக்கு ஆகியவை உடனடியாக மருத்துவமனைக்குரியவை. விரையில் திடீரெனத் தோன்றும் கடும் வலி விரை முறுக்கத்தால் நேர்ந்ததாயின் சில மணிநேரத் தாமதமே விரையை இழக்கச் செய்யும். கருவுற்ற பெண்ணின் சிறுநீர்த் தொற்று கவனிக்கப்படாவிடில் சிறுநீரக அழற்சிக்கும் குறைமாதப் பிறப்புக்கும் இட்டுச்செல்லலாம். சுண்ணாம்பின் குளிர்ச்சியால் எரிச்சல் தணிந்ததாக அவள் உணர்ந்தாலும் தொற்று உள்ளே நீடிக்கும். கருவுற்ற காலத்தில் மண்ணீரல் 6, திரிகப் பகுதிப் புள்ளிகள் ஆகியவற்றைத் தூண்டுவதை அக்குபங்சர் மரபே விலக்குகிறது. மகப்பேற்றுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், குருதி உறைவு இல்லையென உறுதிசெய்யாமல் அதைத் தேய்க்கலாகாது.

முடிவுரை

சிறுநீர்ப்பையின் மிகையியக்கம், கசிவு, நாட்பட்ட இடுப்புக்குழி வலி ஆகியவற்றில் அக்குபங்சருக்கும் அதையொட்டிய நரம்புத் தூண்டலுக்கும் சான்றுண்டு. தசையிறுக்கத்தால் வரும் வலியில் தொக்கணம் ஆறுதல் தரும். தொற்று, கல், கட்டி, கருத்தரிப்புத் தடை ஆகியவற்றில் காரணத்தைக் கண்டறிவதே முதற்கடமை. புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் தொடுமருத்துவர், பெண்ணின் சொல்லாத நோயை முதலில் கேட்பவராக இருக்கிறார். கேட்டதை உரிய இடத்திற்குக் கொண்டுசேர்ப்பதும் அவர் சிகிச்சையின் ஒரு பகுதியாதல் வேண்டும். அதற்குரிய பயிற்சியைச் சித்த மருத்துவம், அக்குபங்சர் ஆகிய இரு துறைகளின் பாடத்திட்டங்களிலும் வலுப்படுத்துவது இன்றைய தேவையாகும்.