முதுகு மட்டும் தனியே வருவதில்லை

உலகில் மனிதரை இயங்கவிடாமல் முடக்கும் நோய்நிலைகளுள் முதலிடம் பெறுவது, பேச்சுவழக்கில் இடுப்புவலி என்று சொல்லப்படும் கீழ்முதுகு வலியே ஆகும். 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இவ்வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050-இல் அத்தொகை 84 கோடியைத் தாண்டக்கூடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணித்துள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் வலிக்குக் காரணம் இந்த எலும்பு, இந்த நரம்பு என்று விரல்வைத்துச் சுட்ட இயலாது. மேலும், ஒரே வகையான பிடிப்புக்கு ஆளான இருவரில் ஒருவர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்ப, மற்றவர் ஆண்டுக்கணக்கில் படுத்துவிடுவதும் உண்டு. இவ்விரு உண்மைகளுக்கும் விடைதேட முற்பட்டபோதுதான், பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம், தசையையும் மூட்டையும் தாண்டி, நோயாளியின் எண்ணம், அச்சம், குடும்பம், தொழில், வருமானம் ஆகியவற்றையும் தன் சிகிச்சையின் உட்கூறுகளாகக் கருத வேண்டிய நிலைக்கு வந்தது.

உடலை இயந்திரமாகக் கண்ட காலம்

1894-இல் இலண்டனில் செவிலியர் நால்வர் மசாஜ் தொழிலுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பிரிட்டனில் இயன்முறை மருத்துவம் ஒரு துறையாக உருப்பெற்றது அதிலிருந்துதான். உலகப் போரில் காயமுற்ற வீரர்களையும், போலியோ தாக்கிய குழந்தைகளையும் எழுப்பி நடக்கவைக்கும் பொறுப்பு அத்துறையிடம் வந்தபோது, எந்தத் தசை வலுவிழந்தது, எந்த மூட்டு இறுகியது என்று கண்டு அதைச் சீர்செய்யும் முறை நல்ல பலன் தந்தது. பழுது எங்கே என்று தெரிந்த இடங்களில் அம்முறை இன்றும் பலன் தருகிறது. ஆயினும் பழுது தென்படாத வலிக்கும், பழுது ஆறிய பின்னரும் நீடிக்கும் வலிக்கும் அம்முறையிடம் விளக்கம் இருக்கவில்லை. அத்தகைய வலியைக் கற்பனை என்று ஒதுக்குவது, அல்லது பழுது கிடைக்கும்வரை மேலும் மேலும் படம்பிடித்துப் பார்ப்பது என்ற இரண்டு வழிகளே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன.

வலி ஆய்வில் திருப்புமுனையாக அமைந்தது, கனடிய உளவியலாளர் ரொனால்டு மெல்சாக்கும் பிரிட்டானிய நரம்பியல் அறிஞர் பாட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' ஆகும். உடலின் ஒரு பகுதியிலிருந்து புறப்படும் செய்தி அப்படியே மூளைக்குச் சென்று வலியாக உணரப்படுவதில்லை. தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லவை என்பது அதன் சாரம். கோட்பாட்டின் நுட்பங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டாலும், கவனமும் கவலையும் முன்னனுபவமும் வலியின் அளவை உடலியல் வழியாகவே மாற்றுகின்றன என்னும் அதன் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. வலி என்பது உணர்வு சார்ந்ததும் உணர்ச்சி சார்ந்ததுமான விரும்பத்தகாத அனுபவம் என்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வரையறுத்தது. 2020-இல் அவ்வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. ஆகவே மனத்தின் பங்கைப் பற்றிப் பேசுவது, வலியைப் பொய் என்று சொல்வதாகாது.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, நோயை உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றின் பின்னலாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டது. இதுவே 'உடல்-உள-சமூக மாதிரி' எனப்படுகிறது. இம்மாதிரியை முதுகுவலிக்குப் பொருத்திக் காட்டியவர், கிளாஸ்கோவைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் கார்டன் வாடெல். 1987-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முதுகுவலிக்காரரை ஓய்வில் கிடத்துவதை விடுத்து, இயக்கத்துக்குத் திருப்பும் சிகிச்சையை வலியுறுத்தியது. கத்தியைக் கையாளும் ஒருவரே இவ்வாறு எழுதியது துறையினரின் கவனத்தை ஈர்த்தது.

அச்சம் உடலில் செய்யும் வேலை

உளவியல் காரணிகளுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது இயக்கம் பற்றிய அச்சம். யோகான் ஃப்ளாயன், ஸ்டீவன் லிண்டன் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் தொகுத்தளித்த 'அச்சத் தவிர்ப்பு மாதிரி' அதை ஒரு சுழலாக விளக்குகிறது. குனியும்போது சுருக்கென்று வலி எடுத்த ஒருவர், அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணினால் இரண்டொரு நாளில் மீண்டும் குனிவார். முதுகே முறிந்துவிடப் போகிறது என்று எண்ணினால் குனிவதையே விட்டுவிடுவார். நேரக்கூடியவற்றுள் மிக மோசமானதையே உறுதியாக நம்பும் இம்மனநிலையை வலி உளவியல் தனியே பெயரிட்டு அளவிடுகிறது. குனியாத முதுகின் தசைகள் வலுவிழக்கின்றன; எந்நேரமும் விறைப்பாகப் பிடித்து வைத்திருப்பதால் சிறு அசைவும் நோகிறது; நோவு அச்சத்தை மெய்ப்பிப்பதுபோல் தோன்றி, அச்சம் மேலும் முற்றுகிறது. இச்சுழலுக்குள் இருப்பவருக்குப் பயிற்சி அட்டவணையை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் அதைச் செய்யமாட்டார். அதைச் சோம்பல் என்று மருத்துவர் கருதினால் தவறான இடத்தில் குறைகாண்கிறார்.

இவ்வச்சத்தை விதைப்பதில் மருத்துவ மொழிக்கும் பங்குண்டு. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவுடன் சொல்லப்படும் 'தேய்மானம்', 'ஜவ்வு விலகிவிட்டது' போன்ற தொடர்கள் தமிழ்க் காதுக்குக் கடுமையானவை. நகைக்கும் இயந்திரத்துக்கும் கணக்கேட்டிலுள்ள சொத்துக்கும் சொல்லப்படும் தேய்மானம், ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது, பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடிக்கொண்டே போகும் என்னும் பொருளைத் தன்னுள் கொண்டது. அச்சொல்லைத் தன் முதுகுக்குக் கேட்ட ஒருவர், முதுகைப் பயன்படுத்தாமல் சேமித்து வைக்க முயல்வது இயல்பே. ஆனால், வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 20 வயதினருள் 37 விழுக்காட்டினரிடமும் 80 வயதினருள் 96 விழுக்காட்டினரிடமும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தேய்வு காணப்படுகிறது. தலைநரையைப் போல வயதுக்கேற்ப வரும் இம்மாற்றத்தை அவ்வாறே எடுத்துச் சொல்லும் மருத்துவர், ஒரு வாக்கியத்தால் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்.

படுக்கை ஓய்வைப் பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. 1986-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 நாள் ஓய்வு அறிவுறுத்தப்பட்டவர்களைவிட 2 நாள் ஓய்வு அறிவுறுத்தப்பட்டவர்கள் குறைந்த நாள்களே வேலையை இழந்தனர். குணமடைவதில் அவர்களுக்குக் குறையேதும் நேரவில்லை. 1990-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாக, முதுகுவலி வந்தால் படுத்துவிடாமல் இயன்றவரை நடமாடுங்கள் என்று பொதுமக்களிடம் சொன்னது. மக்களின் நம்பிக்கைகளோடு மருத்துவர்களின் நம்பிக்கைகளும் மாறின. முதுகுவலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. நம்பிக்கை தனிமனிதரின் தலைக்குள் மட்டும் இருப்பதன்று, அது ஊரின் பொதுச்சொத்து என்பதை இப்பரப்புரை காட்டியது.

வீடும் கூலியும்

சமூகக் காரணிகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 'கனம் தூக்காதீர்கள்' என்ற அறிவுரை, சித்தாள் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு வருமானத்தை விடுங்கள் என்று சொல்வதற்கு ஒப்பானது. தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தாக வேண்டிய வீட்டில் அதற்குப் பொருளே இல்லை. நாள்தோறும் தரையில் படுத்துச் செய்ய வேண்டிய பயிற்சிக்கு இடமும், அரைமணி நேரத் தனிமையும், வீட்டாரின் இசைவும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் மாமனார் முன்னிலையில் மருமகள் கால்தூக்கிப் பயிற்சி செய்வாள் என்று எதிர்பார்க்க இயலாது. தினக்கூலிக்காரர் பத்து நாள் தொடர்ந்து சிகிச்சைக்கு வந்தால், கட்டணம் இல்லாத அரசு மருத்துவமனையிலும் அதன் விலை பத்து நாள் கூலி ஆகும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்ல வகைசெய்தது இத்தடையை நேரடியாகத் தொடும் ஏற்பாடு. வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர், மருத்துவமனையில் ஒருபோதும் காணமுடியாத உயரமான வாசற்படியையும், கைப்பிடியில்லாத கழிவறையையும், பராமரிக்கும் உறவினரின் களைப்பையும் தம் கண்ணாலேயே காண்கிறார்.

குடும்பத்தின் அன்பும் இருமுனை கொண்டது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், நோயாளி முனகும்போதெல்லாம் வீட்டார் ஓடிவந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டால், அந்த அக்கறையே இயலாமையை நிலைப்படுத்திவிடும் என்று காட்டினார். வலி வரும்வரை பயிற்சி செய்யச் சொல்வதற்கு மாறாக, முன்கூட்டியே வகுத்த எளிய அளவை முடிக்கச் செய்து, அதைப் படிப்படியாக உயர்த்தும் அவருடைய முறை இன்றைய இயன்முறை மருத்துவத்தில் வேரூன்றியுள்ளது. பக்கவாதம் கண்ட தந்தைக்கு ஊட்டிவிடும் பிள்ளைகளிடம், அவர் கையாலேயே சிந்திச் சிதறி உண்ண விடுங்கள் என்று சொல்வதும் இதே கொள்கைதான்.

சமூகம் முழுமையாகத் தடுத்து நின்ற நிலைக்கு வேலூர் ஒரு சான்று. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் திருத்த முற்பட்டார். இடம்மாற்றிப் பொருத்திய தசைநாணைப் புதிய வேலைக்குப் பழக்குவது இயன்முறைப் பயிற்சியின் பொறுப்பாயிற்று. விரல்கள் இயங்கத் தொடங்கியும், நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வேலைதர ஆளில்லை. மடங்கிய கை பெற்றுத்தந்த பிச்சையும் நின்றுபோன நிலையில் சிலர் முன்னைவிட வறுமைக்கு ஆளாயினர். தச்சு வேலை, பொம்மை செய்தல் போன்ற தொழில்களைக் கற்பிக்கும் புதுவாழ்வு நிலையம் அங்கே தேவைப்பட்டது அதனால்தான்.

கொடிகளும் கேள்விகளும்

இவ்வளவையும் ஒரு சிகிச்சையாளர் எவ்வாறு கண்டறிவது என்பதற்கு 'கொடிகள்' என்ற எளிய வகைப்பாடு உள்ளது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, புற்றுநோய் வரலாறு, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, பெரிய விபத்து போன்றவை சிவப்புக் கொடிகள்; இவை உடனடியாக மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை, மனத்தைப் பற்றிய பேச்சு இவற்றை மறைத்துவிடலாகாது. 1997-இல் நியூசிலாந்தில் வகுக்கப்பட்ட மஞ்சள் கொடிகள் அச்சம், நம்பிக்கையிழப்பு, தவறான எண்ணம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. வேலை பற்றிய மனக்குறை நீலக் கொடி; சட்டம், இழப்பீடு, பணிவிதி போன்ற புறத்தடைகள் கருப்புக் கொடி; மனநல மருத்துவரின் உதவி வேண்டிய நிலைகள் ஆரஞ்சுக் கொடி. இயன்முறை மருத்துவர் மனநல மருத்துவராக மாறத் தேவையில்லை, தம் எல்லை எங்கு முடிகிறது என்று அறிந்தால் போதும் என்பதையும் இவ்வகைப்பாடு உணர்த்துகிறது.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 9 வினாக்கள் கொண்ட படிவம், நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்து, உளவியல் தடை மிகுந்தவர்களுக்கு அதற்கேற்ற இயன்முறை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. 851 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான சோதனையில் இம்முறை இயலாமையையும் செலவையும் குறைத்தது. அமெரிக்காவில் பின்னர் நடந்த சோதனைகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான சோதனை வேறொரு வழியில் சென்றது. வலியைப் பற்றிய புரிதலைத் திருத்துதல், அஞ்சிய அசைவைச் சிகிச்சையாளர் முன்னிலையிலேயே பழகுதல், உறக்கம் முதலான வாழ்க்கைமுறையைச் சீராக்குதல் ஆகிய மூன்றையும் இணைத்து, தனிப்பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் அளித்த ஏழு அமர்வுகள் வரையிலான சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பின்னரும் நீடித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், படிவத்தை நிரப்புவதைவிட, நிரப்பியதை வைத்துப் பேசவும் பழக்கவும் தெரிந்த சிகிச்சையாளரை உருவாக்குவதே கடினமான பணி என்று கொள்ளத் தோன்றுகிறது.

அத்தகைய சிகிச்சைக்குத் தேவைப்படுவது நேரம். தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவத்தைப் பலர் இன்றும் 'கரண்ட் வைப்பது' என்றே அறிந்திருக்கின்றனர்; நோயாளி படுத்திருக்க, கருவி வேலை செய்ய, அமர்வு முடிகிறது. கருவி இதமளிக்கலாம், ஆயினும் நலத்துக்கான பொறுப்பு முழுவதையும் அது நோயாளியின் கையிலிருந்து எடுத்து மின்கம்பியிடம் ஒப்படைத்துவிடுகிறது. இந்த வலியால் எந்த வேலை நின்றுபோயிற்று, எதைச் செய்ய அச்சம், வீட்டில் துணை யார் என்ற மூன்று கேள்விகளுக்கு எந்தக் கட்டண அட்டையிலும் தனி வரி இல்லை. அவற்றுக்குரிய விடைகள் கிடைக்காத இடத்தில், கருவி நின்றதும் நோயாளி எழுந்து, வந்தபோதிருந்த அதே அச்சத்துடன் அதே வாசற்படிக்கும் அதே குடத்துக்கும் திரும்பிப் போகிறார்.