கரிசல் தரையின் சூடும் அரை வகைக்கெழுவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில், கோடையில் தரையின் சூடு பகல் 1 மணிக்கு உச்சத்தை எட்டுவதாகக் கொள்வோம். மண்ணுக்குள் வெப்பம் மிக வேகமாக இறங்கும் நேரமோ காலை 10 மணி. மாலை 4 மணிக்கு, தரை சுட்டுக்கொண்டிருக்கும்போதே, மண் வெப்பத்தைத் திருப்பித் தரத் தொடங்கிவிடும். இந்த 3 மணி நேர முந்தலுக்குக் கணக்குச் சொல்வது பின்ன நுண்கணிதம்.

தொலைவை ஒருமுறை வகையிட்டால் வேகம்; இருமுறை வகையிட்டால் முடுக்கம். அரை முறை வகையிட்டால்? 1695-இல் கணித அறிஞர் லைப்னிட்ஸ் மற்றொரு கணித அறிஞரான லோபிதாலுக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. 1823-இல் கணித அறிஞர் ஆபெல் இதை ஓர் இயந்திரவியல் கணக்கில் கையாண்டார். சாதாரண வகைக்கெழு அந்தக் கணத்து மாற்றத்தை மட்டுமே பார்க்கும். பின்ன வகைக்கெழு கடந்த நேரம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளும். அண்மையில் நடந்ததற்கு மதிப்பு அதிகம், பழையதற்குக் குறைவு.

மண்ணின் இயல்பும் இதுவே. காலையில் வாங்கிய வெப்பம் மேலடுக்கிலிருந்து மெல்லத்தான் கீழிறங்கும். ஆகவே இப்போது நுழையும் வெப்பத்தை முந்தைய மணிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சீரான, ஆழமான மண்ணில் வெப்ப ஓட்டம், மேற்பரப்பு வெப்பநிலையின் அரை வகைக்கெழுவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெப்பநிலையின் அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சைன் அலையாகக் கொண்டால், அரை வகைக்கெழு அதை 45 பாகை முன்னே நகர்த்தும். 360 பாகைக்கு 24 மணி என்றால் 45 பாகைக்கு 3 மணி. மண்ணின் வெப்பப் பண்புகள் தெரிந்தால், தோண்டாமலே, மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் தொடர்ந்து அளந்து உள்ளே போகும் வெப்பத்தைக் கணக்கிடலாம்.

மண்ணில் நீரும் உப்பும் பரவுவதற்கும் இந்தக் கணிதம் உதவும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழைநீர் வெடிப்பு வழியே விரைந்து இறங்கும். களிமண் கட்டிக்குள் புகுந்த உப்போ நெடுநாள் தங்கும். இயல்பான பரவலில் 2 மடங்கு தொலைவுக்கு 4 மடங்கு நேரம் ஆகும். இத்தகைய மண்ணில் அந்த விகிதம் தவறிப்போகலாம். எத்தனை முறை வகையிடுகிறோம் என்பதே வகைக்கெழுவின் வரிசை. அப்போது பரவல் சமன்பாட்டில் நேர வகைக்கெழுவின் வரிசையை 1-க்குக் கீழே இறக்கினால் தேக்கமும், இட வகைக்கெழுவின் வரிசையை 2-க்குக் கீழே இறக்கினால் நெடுந்தாவலும் கணக்கில் வரும்.

தறியில் ஓடும் பருத்தி நூலுக்கும் பின்ன வகைக்கெழு பொருந்தும். சுருள்வில்லின் விசை நீட்சியைப் பொறுத்தது, வரிசை 0. பாகு போன்ற நீர்மத்தின் விசை உருமாறும் வேகத்தைப் பொறுத்தது, வரிசை 1. நூல் இரண்டுக்கும் இடைப்பட்டது. இத்தகைய பொருள்களை இடைப்பட்ட வரிசையால் விவரிக்கும் முறையை 1940-களில் ஆய்வாளர் ஸ்காட் பிளேர் வளர்த்தெடுத்தார்.

சீரான மண்ணின் வெப்பத்துக்கு வரிசை மிகச் சரியாக அரை. அதைக் கோட்பாடே தந்துவிடுகிறது. வெடித்த கரிசலுக்கும் நூலுக்கும் உரிய வரிசையை அளந்துதான் அறிய வேண்டும்.