சிலைக்குக் கீழே ஒரு பெயர்

கல்சட்டி பார்த்திருப்பீர்கள். வற்றல் குழம்பு வைக்க நம் பாட்டிமார் வைத்திருந்த கருப்புச் சட்டி. அது மாக்கல்லில் செய்தது. அதே வகைக் கல்லில் ஒரு பெரிய கோயிலையே கட்டி இருக்கிறார்கள்.

அந்தக் கோயில் கர்நாடகத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் பேலூர். ஹாசன் மாவட்டத்தில், யகச்சி ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்தனர் 1117-ஆம் ஆண்டில் இந்தக் கோயிலை எழுப்பினார். சாமியின் பெயர் சென்னகேசவர். கேசவர் என்றால் திருமால். 'சென்ன' என்றால் கன்னடத்தில் அழகு.

நம் ஊர்க் கோயில்கள் பலவும் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் உளிக்கு எளிதில் இடம் கொடுக்காது. மாக்கல் அப்படி இல்லை. பூமியில் இருந்து வெட்டி எடுக்கும்போது மெதுவாக இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டியாகும். அதனால்தான் பேலூர்ச் சிற்பிகள் தங்க நகை செய்வது போலக் கல்லில் வேலை செய்ய முடிந்தது.

கோயில் ஒரு உயர்ந்த மேடையின் மேல் நிற்கிறது. மேடை நட்சத்திரம் போல மூலை மூலையாக மடங்கிப் போகிறது. அதன் மேல் நடந்தே கோயிலைச் சுற்றி வரலாம். சுவரின் அடியில் யானை வரிசை. 600-க்கும் மேற்பட்ட யானைகள்! கோயில் முழுவதையும் அவை சுமப்பது போல இருக்கும். அதற்கு மேல் சிங்கங்கள், குதிரைகள்.

இனி நிமிர்ந்து பாருங்கள். கூரைக்குக் கீழே, தூண்களின் உச்சியில் பெண் சிலைகள் சாய்ந்து நிற்கின்றன. உள்ளும் வெளியும் சேர்த்து 42 சிலைகள். ஒருத்தி கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். ஒருத்தி மேளம் அடிக்கிறாள். ஒருத்தியின் சேலையைக் குரங்கு பிடித்து இழுக்கிறது. இன்னொரு சிலையின் தலைக்கு மேல் ஒரு பழம். பழத்தின் மேல் ஒரு ஈ. அதைப் பிடிக்கப் பல்லி ஒன்று காத்திருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்களில் எத்தனை பேர் கண்ணில் அந்த ஈ படும்? இருந்தும் செதுக்கி இருக்கிறார்கள்.

யார் செதுக்கியது?

மற்றக் கோயில்களில் இப்படிக் கேட்டால் ராஜாவின் பெயரைச் சொல்வார்கள். உளி பிடித்தவர் பெயர் தெரியாது. பேலூரில் தெரியும். பல சிலைகளின் பீடத்தில் சிற்பியே தன் பெயரைக் கன்னட எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார். தாசோஜர் என்று ஒரு பெயர். அவர் மகன் சாவணர் என்று ஒரு பெயர். அவர்கள் பள்ளிகாவி என்ற ஊர்க்காரர்கள். அது இன்றைய சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே கோயிலில் வேலை செய்திருக்கிறார்கள். சில சிற்பிகள் பெயரோடு நிற்கவில்லை. 'போட்டிச் சிற்பிகளை வென்றவன்' என்று பட்டமும் போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் தற்பெருமைதான். வேலையைப் பார்த்தால் தப்பில்லை என்று தோன்றுகிறது.

நம் வகுப்பில் எல்லோரும் முதலில் எழுதக் கேட்டது எது? சொந்தப் பெயரைத்தானே?

சுமார் 150 ஆண்டுகளுக்குப் பின், மைசூர்ப் பக்கம் சோமநாதபுரத்தில் இன்னொரு ஹொய்சளக் கோயில் எழுந்தது. அங்கே மல்லிதம்மா என்ற பெயர் பல சிலைகளில் இருக்கிறது. பெண் என்று நினைத்துவிடாதீர்கள். கன்னடத்தில் 'தம்ம' என்றால் தம்பி.

இந்தக் கோயில்களை ஜக்கணாச்சாரி என்ற ஒரே சிற்பி செய்ததாக ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கல்லில் இருப்பவை பலருடைய பெயர்கள்.

பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்க் கோயில்களையும் 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பேலூரில் இன்றும் பூசை நடக்கிறது. போனால் சிலையின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பாதத்துக்குக் கீழே சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். கன்னடம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.