பழைய லாரிகளில் பவர் டேக் ஆஃப் உறுப்புகள்

பவர் டேக் ஆஃப் என்பது வண்டியின் எஞ்சின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிரித்து வின்ச், நீரிறைக்கும் பம்பு, ஹைட்ராலிக் பம்பு போன்ற கருவிகளை இயக்கும் சிறு கியர் அமைப்பு ஆகும். சுருக்கமாகப் பி.டி.ஓ. எனப்படும். இரண்டாம் உலகப் போர்க்கால டாட்ஜ் ராணுவ வண்டிகளிலிருந்து உருவாகி 1946இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டாட்ஜ் பவர் வேகன் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதில் பி.டி.ஓ. மூலம் முன்புற வின்ச்சையும் பின்புறச் சுழல்தண்டையும் இயக்க முடிந்தது. இவ்வகைப் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும்போது சரியான பி.டி.ஓ. உறுப்பை அடையாளம் காண்பது முக்கியம். பொருந்தாத கியரை மாட்டினால் பி.டி.ஓ. மட்டுமன்றி, மாற்று கிடைப்பதற்கரிய கியர் பெட்டியும் பாழாகும்.

செயல்படும் விதம்

கியர் பெட்டியின் பக்கச் சுவரில் தகட்டால் மூடப்பட்ட திறப்பு ஒன்று இருக்கும். தகட்டைக் கழற்றி அங்கே பி.டி.ஓ.வைப் பொருத்துவர். அதன் கியர், பெட்டிக்குள் சுழலும் துணைத்தண்டின் கியருடனோ பின்னோட்டக் கியருடனோ பல்லிணையும். கிளட்ச் இணைந்திருக்கும் வரை துணைத்தண்டு சுழல்வதால், வண்டி நியூட்ரலில் நின்றாலும் கருவி இயங்கும். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும்.

அடையாளம் காணல்

பி.டி.ஓ.வின் பெயர்த்தகட்டிலோ வார்ப்புக் கூட்டிலோ உள்ள எண்ணை முதலில் குறிக்க வேண்டும். அவை அழிந்திருந்தால் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்:

* திறப்பின் போல்ட் எண்ணிக்கை: அமெரிக்க வண்டிகளில் 6 போல்ட், 8 போல்ட் என இரு நியம வடிவங்கள் பரவலானவை.
* கியர் பெட்டியின் மாதிரி எண்ணும், திறப்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும்.
* கியரின் பற்களின் எண்ணிக்கை, பருமன். பற்கள் நேரானவையா சாய்ந்தவையா, சாய்ந்திருந்தால் எத்திசையில்.
* வெளித்தண்டின் விட்டம், சுழலும் திசை. தண்டில் சாவிப்பள்ளம் உள்ளதா, வரிப்பற்கள் உள்ளனவா.

போல்ட் துளைகள் பொருந்துவதால் மட்டும் உறுப்பு பொருந்தியதாகாது. ஒரே வடிவத் திறப்பு கொண்ட இரு கியர் பெட்டிகளில் உட்கியரின் ஆழமும் பற்களின் அளவும் வேறுபடலாம்.

மாற்றும் முறை

கியர் எண்ணெயை வடித்து, பி.டி.ஓ.வைக் கழற்றியபின் தாங்கிகள், எண்ணெய் சீல்கள், கியர் மாற்றும் கவை, அதனை நிலைநிறுத்தும் குண்டு, சுருள்வில் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கியர் பற்களின் முனை சிதைந்திருந்தால் கியரை மாற்றுவதே நல்லது. தாங்கிகளும் சீல்களும் பெரும்பாலும் பொது அளவுகளில் அமைந்தவை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும் அளந்தால் இணையானவற்றைக் கடைகளில் தேடலாம்.

மரைகள் அங்குல அளவினவை. 6 போல்ட் திறப்பில் பொதுவாக 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரைகளும் கொண்ட போல்ட்கள் வரும். அதற்கு நெருங்கிய 10 மி.மீ. போல்ட்டைத் திணித்தால் வார்ப்பிரும்பின் மரை அழிந்துவிடும்.

கேஸ்கட்டின் தடிமன் கசிவைத் தடுப்பதற்கு மட்டுமன்று, பற்களுக்கிடையே உள்ள தளர்வையும் அதுவே தீர்மானிக்கிறது. 6 போல்ட் வகையில் இத்தளர்வு சுமார் 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இருப்பது வழக்கம். டயல் கேஜால் அளந்து, தளர்வு குறைவாயின் தடித்த கேஸ்கட்டும் மிகுதியாயின் மெல்லிய கேஸ்கட்டும் இட வேண்டும். ஓட்டிப் பார்க்கையில் கீச்சொலி எழுந்தால் பற்கள் இறுக்கமாக உள்ளன என்றும், கடகட ஒலி எழுந்தால் தளர்வாக உள்ளன என்றும் கொள்ளலாம். இறுதியில் எண்ணெய் நிரப்பிச் சில நிமிடம் இயக்கி, கசிவைப் பார்த்து, போல்ட்களை மீண்டும் இறுக்க வேண்டும்.

இணைப்புத் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். மாறி அமைந்தால் அதிர்வு ஏற்பட்டுத் தாங்கிகள் விரைவில் தேயும்.

பாதுகாப்பு

வின்ச் தண்டில் உள்ள வெட்டுமுளை, சுமை மிகும்போது தானே முறிந்து கம்பிவடத்தையும் கியர்களையும் காக்கிறது. அடிக்கடி முறிகிறதே என்று அதற்குப் பதிலாகக் கடினப்படுத்திய போல்ட்டையோ ஆணியையோ செருகக் கூடாது. அவ்வாறு செய்தால் அடுத்து முறிவது கியராகவோ, அறுந்து வீசும் கம்பிவடமாகவோ இருக்கும். அது அருகில் நிற்பவரின் உயிரையே பறிக்கக்கூடும். சுழலும் தண்டுக்கு மூடி இருக்க வேண்டும். வேட்டி, துண்டு போன்ற தளர்ந்த ஆடையுடன் அதன் அருகில் செல்லலாகாது. பழுது பார்க்கும் முன் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது கட்டாயம்.