ஒன்றரை அடி குழாய்க்கு ஒரு வாரம் அலைந்த கதை

உடன்குடி கருப்பட்டி எல்லோருக்கும் தெரியும். அதைக் காய்ச்சுகிற விடிலிக்குள் ஒரு பத்து நிமிஷம் நின்றவர்கள் குறைவு. பதனீர் கொதித்து, பாகாகி, சிரட்டையில் ஊற்றும் பதம் வர மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் பனை மட்டையும் பாளையும் எரியும். புகை முழுக்கக் காய்ச்சுகிற பெண்களின் கண்ணுக்குத்தான் போகும். எங்க சித்தி அப்படித்தான் ஒவ்வொரு சீசனும் கண் எரிச்சலோடு ஓட்டுகிறாள்.

அதனால் ஒரு ராக்கெட் அடுப்பு செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் அப்ரோவெச்சோ ஆராய்ச்சி மையத்தில் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்தது இது. ‘எல்’ வடிவ எரியறை, சுற்றிலும் வெப்பம் வெளியே போகாத காப்பு, அவ்வளவுதான். அறை நல்லா சூடாக இருந்தால், புகையாகப் போக வேண்டியதும் உள்ளேயே எரிந்துவிடும்.

வெளி உடலுக்கு 12 இஞ்ச் இரும்புக் குழாய், ஒன்றரை அடி நீளம் வேண்டும். இது கிடைக்காதா என்று நினைத்துத்தான் கிளம்பினேன். தூத்துக்குடியில் ஒரு குழாய்க் கடையில் கேட்டால், “என்ன அண்ணாச்சி, ஒன்றரை அடிக்கா இவ்வளவு தூரம் வந்திய? முழு லெங்த்துன்னா சொல்லுங்க, தாரேன்” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. கணக்கு இப்படி: வெளி விட்டத்திலிருந்து சுவர்க் கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, மறுபடி 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் (அளவுகள் மில்லிமீட்டரில்). 323.9 மி.மீ. விட்டம், 9.53 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குச் சுமார் 74 கிலோ. 6 மீட்டர் குழாய் 443 கிலோ. அதில் எனக்கு வேண்டியது 33 கிலோ. அதை வெட்டிக் கொடுத்தால் மிச்சம் ஐந்தரை மீட்டர், முழு நீளம் கேட்டு வருகிறவருக்கு ஆகாது. இறக்கி, தூக்கி, பேண்ட்சாவில் ஏற்றி வெட்டும் கூலியும் சேரும். சின்னத் துண்டுக்குக் கிலோ விலை ஏறுவதும், ‘இல்லை’ என்ற பதில் வருவதும் இதனால்தான்.

அப்போ துண்டு யாரிடம் இருக்கும்? குழாய் விற்பவரிடம் இல்லை, குழாயை வைத்து வேலை செய்பவரிடம். தொட்டி, புகைபோக்கி, கன்வேயர் உருளை செய்கிற பட்டறைகளின் பின்பக்கம் போனால் மிச்சத் துண்டுகள் கிடக்கும். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் இரும்பு, எடைக்குக் கொடுப்பார்கள். அதற்கடுத்து காயலான் கடை. அங்கே பில் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் பெரிய கட்டுமான வேலை நடக்கும் ஊர்களில், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத குழாய் நமக்கு வேண்டாம்.

அளவைச் சொல்வதில் நானே ஒரு தப்புப் பண்ணினேன். “12 இஞ்ச்” என்று வாயால் சொல்லி ஒரு துண்டை வாங்கிவிட்டேன். வீட்டில் 305 மி.மீ.க்கு வெட்டி வைத்திருந்த மூடி வளையம் சேரவே இல்லை. குழாய் உலகத்தில் 12 இஞ்ச் என்பது ஒரு பெயர்தான், வெளி விட்டம் 323.9 மி.மீ. 14 இஞ்சிலிருந்துதான் பெயரும் வெளி விட்டமும் ஒன்றாகும் (355.6 மி.மீ.). ஆகவே வெளி விட்டம், கனம், நீளம் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொண்டுபோங்கள். கடையில் விட்டத்தை அளக்கச் சுலப வழி, சுற்றளவை டேப்பால் எடுத்து 3.1416-ஆல் வகுப்பது. கனத்தை நாலு இடத்தில் பாருங்கள். துரு தின்ற இடம் ஒரு பக்கமாகத்தான் இருக்கும்.

சில குழாய்களைத் தொடவே கூடாது. நாகம் பூசிய குழாயை வெல்டிங் பண்ணினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் குளிரையும் கொண்டுவரும். அடுப்புக்கு அது வேண்டவே வேண்டாம். குடிநீர்த் திட்டங்களில் மிஞ்சும் டி.ஐ. குழாய் பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும். ஆனால் அது வார்ப்பிரும்பு வகை, உள்ளே சிமெண்டுப் பூச்சு, சாதாரண வெல்டிங்கில் விரிசல் விடும். வீட்டு கேஸ் சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய இதே அளவுதான். ஆசை வரும், வெட்டாதீர்கள். உள்ளே மிஞ்சிய வாயு வெடிக்கும், சிலிண்டரும் நம்முடைய சொத்து இல்லை, எண்ணெய் நிறுவனத்துடையது. அழுத்தம் தாங்க வேண்டிய தொட்டி, பாய்லர் வேலை என்றால் காயலான் கடைப் பக்கமே போக வேண்டாம். சோதனைச் சான்றிதழோடு புதுக் குழாய்தான்.

கடைசியில் என்ன செய்தேன்? திருநெல்வேலியில் ஒரு பட்டறை மேஸ்திரி என் தாளைப் பார்த்துவிட்டு, “இதுல அழுத்தம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பொறவு எதுக்குக் குழாய் தேடுதிய? தகட்டை உருட்டிருவோம்” என்றார்.

ஒரு வாரமாக எனக்கு உறைக்காத விஷயம் அது. எரியறையில் சாதா இரும்பை வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால் உள்ளே தீச்செங்கல்தான், இரும்பு வெறும் சட்டை. அதற்கு 3 மி.மீ. தாராளம். வெளி விட்டம் 324 என்றால் தகட்டின் நீளம் (324 − 3) × 3.1416, அதாவது 1,008 மி.மீ. அகலம் 450. எடை சுமார் 11 கிலோ. 1250 × 2500 மி.மீ. தகட்டில் இப்படி ஐந்து துண்டு வரும், மிச்சமும் பட்டறைக்கு உதவும். அதனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: ரோலிங் மெஷின் தகட்டின் இரண்டு முனைகளையும் முழுசா வளைக்காது. முனையை முதலிலேயே தட்டி வளைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கூடுதலாக விட்டு உருட்டிய பின் வெட்ட வேண்டும்.

உள்ளே 75 மி.மீ. தீச்செங்கலை நாலு பக்கமும் நிறுத்தி, இடுக்கில் சாம்பலும் களிமண்ணும் அடைத்தேன். நடுவில் ஏறத்தாழ 15 செ.மீ. வழி கிடைத்தது. பற்றவைக்கும்போது புகைந்தது, சூடேறியதும் குறைந்தது. சித்தி சின்னச் சட்டியில் ஒரு காய்ச்சு முடித்துவிட்டுச் சொன்னாள்: “கண்ணு எரியலடே. ஆனா வாயி சின்னது, மட்டை நொழைய மாட்டேங்கு.”

வாய் 20 செ.மீ. ஆக வேண்டுமென்றால் வெளி விட்டம் 380 வேண்டும். அந்த அளவில் குழாய் கேட்டு மறுபடி ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. தகட்டின் நீளம் 1,184 மி.மீ., அதே 1250 அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த சீசனுக்குள் உருட்டிவிட வேண்டும்.